ஷார்ட் ஸ்டாப்ல நிக்கச் சொன்னதுக்கு எம்மக அழுதா, ஜார்ஜ் ரைட் யாருன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க

டவுன்_பாத்திரக்கடை

எல்லாருக்கும் வணக்கம். திருநெவேலி டவுன்ல பாத்திரக்கடை வச்சிருக்கேன், கிரிக்கெட் பாப்பேன், பேஸ்பால் பத்தி ஒண்ணும் தெரியாது, அதான் இங்கன கேக்கேன். எம்மக எட்டாவது படிக்கா. ஸ்கூல்ல பேஸ்பால் டீம் போட்டிருக்காங்க, ஆறு மாசமா இவளும் பாளையங்கோட்டைக்கு காலைல அஞ்சரைக்கே கெளம்பிப் போயிட்டு வாரா. பந்து எறியுற ஆளு, பிட்சர்னு சொல்லுதாங்கல்லா, அதுதான் ஆவணும்னு பிடிவாதம். மொட்டமாடி சுவத்துல சாக்பீசால ஒரு கட்டம் போட்டு வச்சிருக்கா, சாயங்காலம் வந்தா அதுக்குள்ளயே எறிஞ்சுக்கிட்டு கெடப்பா, கீழ் வீட்டு ஆச்சி "ஏட்டி போதும்"னு சத்தம் போடுத வரைக்கும்.

போன வாரம் பி.இ.டி. டீச்சர் இவள ஷார்ட் ஸ்டாப்னு ஒரு எடத்துல நிக்கச் சொல்லிட்டாங்க. அன்னைக்கு வந்ததுல இருந்து மொகமே சரியில்ல, "பந்து பொறுக்கிப் போடுத வேலைப்பா அது"ன்னு சொல்லி அழுதா, ராத்திரி சாப்பிடவும் இல்ல. மறுநாள் அங்க நின்னு பந்து விரல்ல பட்டு மோதிர விரல் நல்லா வீங்கிட்டு, எங்க வீட்டம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சு பத்து போட்டுவிட்டா. அத பாத்துட்டு டீச்சர் சொன்னாங்களாம், 150 வருஷத்துக்கு முன்னால அமெரிக்காவுல ஜார்ஜ் ரைட்னு ஒருத்தர் இதே எடத்துல வெறுங்கையோட நின்னாரு, அவரப் பத்தி படிச்சுட்டு வா, அதுக்கப்புறமும் பிட்சர்தான் வேணும்னா பாப்போம்னு.

தேடிப் பாத்தேன், எல்லாம் இங்கிலீஷா இருக்கு, எனக்கு பாதி வெளங்கல, தமிழ்ல ஒண்ணுமே அகப்படல. யாரு அவரு, என்ன செஞ்சாரு, அந்த எடம் நெசமாவே பந்து பொறுக்குற எடந்தானா? அவகிட்ட உக்காத்தி வச்சு படிச்சுக் காட்டுத மாதிரி யாராவது எழுதுனீங்கன்னா புண்ணியமா போவும்.

கோவில்பட்டி_ஹாக்கி

அண்ணாச்சி வணக்கம். எனக்கும் பேஸ்பால் முழுசா தெரியாது, எங்க ஊர்ல பொறந்தா கைல ஹாக்கி மட்டதான். ஆனா ஷார்ட் ஸ்டாப் பொறுக்குற எடம் இல்லைன்னு மட்டும் அடிச்சுச் சொல்லுவேன். கிரிக்கெட்ல பாயிண்ட்ல நல்ல ஃபீல்டரத்தான நிப்பாட்டுவாங்க, அந்த மாதிரி. ஹாக்கில சென்டர் ஆஃப்னு வச்சுக்கோங்க, கோல் போடுதவன் பேரு பேப்பர்ல வரும், ஆனா சென்டர் ஆஃப் சரியில்லைன்னா டீமே கெடையாது. ஜார்ஜ் ரைட் பத்தி தெரிஞ்சவிய வந்து சொல்லட்டும், நானும் படிக்கேன்.

ஓய்வு_சார்வாள்_பாளை

தம்பி, பிள்ள அழுததுக்கு வருத்தப்படாதீங்க. 31 வருஷம் உடற்கல்வி ஆசிரியரா இருந்தவன் நான், எடத்த மாத்துனா கலங்காத பிள்ள நல்லா ஆடி நான் பாத்ததில்ல.

மொதல்ல ஒரு சின்ன திருத்தம். கோவில்பட்டி தம்பி பாயிண்ட்னு எழுதியிருக்கு, அது மிட்விக்கெட். பேட் பிடிக்கிறவங்க நிக்கிற எடத்த ஸ்டம்ப்னு நெனச்சுக்கோங்க, அங்கருந்து பாத்தா வலது கைப் பக்கம் ஒண்ணாம் பேஸ், நேரா ரெண்டாம் பேஸ், இடது கைப் பக்கம் மூணாம் பேஸ். பேஸுக்கும் பேஸுக்கும் 90 அடி. உள்வட்டத்துல காவலுக்கு நாலு பேரு, அதுல மூணு பேருக்கு பேஸ் பேரு இருக்கு, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கிறவருக்கு மட்டும் பேஸே கெடையாது, அவருதான் ஷார்ட் ஸ்டாப். வலது கைக்காரங்க இழுத்து அடிச்சா பந்து இவரத் தேடித்தான் வரும், உலகத்துல வலது கைக்காரங்கதான அதிகம். பந்த எடுத்து ஆடுகளத்துக்கு குறுக்க ஒண்ணாம் பேஸுக்கு எறியணும், அடிச்சவன் ஓடி வந்து சேருததுக்குள்ள பந்து போய்ச் சேரணும். கால் வேணும், கை வேணும், தோள் வேணும், அதுக்கு மேல புத்தி வேணும். பிட்சர் ஆவ ஆசப்பட்ட பிள்ளைய அங்க நிறுத்துதாங்கன்னா அவ தோள் பலத்த அந்த டீச்சர் பாத்துட்டாங்கன்னு அர்த்தம்.

"பந்து பொறுக்கிப் போடுத வேலை"ன்னு உங்க மக சொன்னாள்லா, அது ஒரு காலத்துல உண்மையாவே இருந்துச்சு. 1850 வாக்குல நியூயார்க்ல நிக்கர்பாக்கர்னு ஒரு கிளப். அதுல டேனியல் ஆடம்ஸ்னு ஒரு டாக்டர் ஆடினாரு. அப்ப பந்து ரொம்ப லேசு, தூரத்துல நிக்கிறவங்க எறிஞ்சா உள்ள வந்து சேராது, நடுவுல ஒரு ஆள் நின்னு வாங்கி எறியணும். அதுக்காக அவரு உண்டாக்குன எடந்தான் இது. பின்னால டிக்கி பியர்ஸ்னு ஒருத்தர் வந்து இத உள்வட்டக் காவலா மாத்தினாரு. அதுக்கப்புறம் ஜார்ஜ் ரைட். இவருக்கு எறியுற கை பலம், அதனால மத்தவங்க மாதிரி பேஸ் கோட்டு மேலயே நிக்காம நாலு எட்டு பின்னால தள்ளி நின்னாரு. பின்னால நின்னா ரெண்டு பக்கமும் கூடுதல் தூரம் ஓடிப் பிடிக்கலாம், ஆனா அங்கருந்து எறிய தெம்பு இருக்கணும். இன்னைக்கு உலகம் பூரா ஷார்ட் ஸ்டாப் ஆழமா நிக்கிறாங்க.

அவரு வாழ்க்கைய முழுசா சொல்ல பாஸ்டன்ல இருக்க நம்ம ஊர்த் தம்பி ஒண்ணு இங்க எழுதும், அது வரட்டும். மேட்ச் கத ஒண்ணு எங்கிட்ட இருக்கு, பொறவு சொல்லுதேன்.

பாஸ்டன்_நெல்லைக்காரன்

சார்வாள் கூப்ட்டுட்டீங்க, வந்துட்டேன். மூணு வருஷம் முன்னால ஒரு சேக்காளி இங்க ஹைட் பார்க்குங்குற ஏரியால ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு கூட்டிட்டுப் போனான், நகராட்சி மைதானம், கல்லுல கட்டின பழைய கிளப் ஹவுஸ், வாசல் போர்டுல ஜார்ஜ் ரைட்னு போட்டிருக்கு. பேஸ்பால்காரர் பேர எதுக்கு கோல்ஃப் மைதானத்துக்கு வச்சாங்கன்னு கேட்டதுல தொடங்குனதுதான், அன்னையில இருந்து இவரப் பத்தி கெடைச்சதெல்லாம் படிச்சிருக்கேன். அண்ணாச்சி உங்க பிள்ளைக்கு படிச்சுக் காட்டுங்க.

பொறந்தது 1847 ஜனவரி 28, நியூயார்க் பக்கம். அப்பா இங்கிலாந்துல இருந்து வந்தவரு, சம்பளத்துக்கு கிரிக்கெட் ஆடுறவரு, செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கிளப்புல. உலகத்துலயே ரெண்டு நாடு மோதின மொத கிரிக்கெட் மேட்ச் இங்கிலாந்து ஆஸ்திரேலியான்னு நாம நெனைப்போம், அது இல்ல, 1844ல அமெரிக்காவும் கனடாவும் ஆடினது, அதுவும் இந்த கிளப் மைதானத்துலதான். அண்ணன் ஹாரி ரைட் 12 வயசு மூத்தவரு, இங்கிலாந்துல ஷெஃபீல்டுல பொறந்தவரு, நகைப் பட்டறையில வேலை பழகினவரு. ரெண்டு பேருக்கும் கிரிக்கெட்தான் தாய்ப்பால். பக்கத்துலயே பேஸ்பால் ஆடுதாங்க, போய் அதையும் ஆடிப் பழகிட்டாங்க. 18 வயசுல ஜார்ஜ் ஃபிலடெல்ஃபியாவுல ஒரு கிரிக்கெட் கிளப்புக்கு கோச்சிங் குடுக்கப் போயி அங்கயே பேஸ்பாலும் ஆடினாரு.

அப்பல்லாம் பேஸ்பால்ல காசு வாங்கக்கூடாதுன்னு விதி. ஆனா நல்ல ஆட்டக்காரன விட மனசு வருமா, மறைச்சு குடுத்தாங்க. 1867ல வாஷிங்டன் நேஷனல்ஸ்னு ஒரு டீம் இவர இழுத்துக்கிட்டு, அரசாங்க ஆபீஸ்ல கிளார்க்குன்னு பேரு எழுதி வேலை பாக்குற முகவரியும் குடுத்திருந்தாங்க, அந்த முகவரில போய்ப் பாத்தா ஒரு பப்ளிக் பார்க். அந்த வருஷம் அந்த டீம் ஊர் ஊரா போச்சு, சின்சினாட்டில போயி அண்ணன் ஹாரியோட டீம 53-10னு அடிச்சது. அண்ணன் அத மறக்கல. 1869ல காசு வாங்கக்கூடாதுங்குற விதிய தளர்த்துனதும் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ்னு ஒரு டீம் சேத்தாரு, பத்து பேரு, பத்து பேருக்கும் வெளிப்படையா சம்பளம். முழு டீமும் சம்பளக்காரங்கன்னு தைரியமா சொன்ன மொத டீம் அது.

இனி சொல்லுதத பிள்ளைய பக்கத்துல வச்சு ரெண்டு தடவ படிங்க. டீம்ல பிட்சர் ஏசா பிரெய்னார்டுக்கு சம்பளம் 1,100 டாலர். கேப்டன், அண்ணன் ஹாரிக்கு 1,200. ஷார்ட் ஸ்டாப் ஜார்ஜுக்கு 1,400. மொத்த டீம்லயும் அதுதான் கூடுதல். பிட்சர விட முந்நூறு டாலர் கூட குடுத்து நிப்பாட்டின எடம் அண்ணாச்சி அது.

1869ல 57 ஆட்டம், ஒண்ணுல கூட தோக்கல. ட்ராய்ங்குற ஊரு டீமோட மட்டும் 17-17ல நின்னப்ப எதிரணி சண்டை போட்டுட்டு மைதானத்த விட்டு போயிட்டாங்க, நடுவர் இவங்களுக்கு குடுத்துட்டாரு. அந்த வருஷம் மே மாசந்தான் அமெரிக்காவுல கடலுக்கும் கடலுக்கும் நடுவுல ரயில் பாதை சேந்தது, செப்டம்பர்ல இவங்க அந்த ரயில்ல ஏறி சான் ஃபிரான்சிஸ்கோ வரைக்கும் போயி ஆடிட்டு வந்தாங்க. ஜார்ஜ் மட்டும் 57 ஆட்டத்துல 49 ஹோம் ரன், அதாவது ஒரே அடில எல்லா பேஸையும் சுத்தி ஓடி வந்தது.

நாளைக்கு மீதிய எழுதுதேன், இங்க ராத்திரி ஒரு மணி ஆவுது.

தென்காசி_சாரல்

அண்ணே, நான் காலேஜ்ல நாலு வருஷம் சாஃப்ட்பால் ஆடினவ, அதுவும் ஷார்ட் ஸ்டாப்தான். தங்கச்சி விரல் வீக்கத்த படிச்சதும் எனக்கு எங்கை வலிக்குற மாதிரி இருந்து. நான் மொதல்ல சேந்த ஒரு எடத்துல டீமுக்கே நாலு க்ளவுஸ்தான், அது பெரிய பிள்ளையளுக்கு, எங்களுக்கு ஒரு வருஷம் பூரா வெறுங்கைதான். அதனால வெறுங்கைல பிடிக்குறதுன்னா என்னன்னு எனக்கு தெரியும். பந்து வாரப்ப கைய வெறப்பா வச்சா விரல் நுனில பட்டு மடங்கும், எங்களுக்கெல்லாம் அப்படித்தான் வீங்கும். பந்து கைல பட்டதும் அது வார வேகத்தோடயே கைய வயித்துப் பக்கம் இழுத்துக்கணும், கோழிக்குஞ்சு தாவி வந்தா எப்படி வாங்குவோம் அப்படி. விரல் கீழ பாத்து இருக்கணும், மண்ண தொட்டுக்கிட்டு. நிமிந்து நின்னுக்கிட்டு குனிஞ்சா பந்து காலுக்கு நடுவுல போயிரும், மொதல்லயே ஒக்காந்து கெடந்து மேல எந்திரிக்கணும்.

ஜார்ஜ் ரைட் காலத்துல கிட்டத்தட்ட யாருமே க்ளவுஸ் போடலங்குறது உண்மை. அந்த ரெட் ஸ்டாக்கிங்ஸ் டீம்ல கேட்சர், நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி, டக் அலிசன் மட்டும் 1870 வாக்குல கை பிஞ்சுபோயி மான் தோல்ல ஒண்ணு தச்சு மாட்டினாருன்னு படிச்சிருக்கேன். உள்வட்டக்காரங்க க்ளவுஸ் போட ஆரம்பிக்க இன்னும் ரொம்ப வருஷம் ஆச்சு. அப்ப பிட்சர் 45 அடில இருந்து கைய கீழ வீசி எறியணும், மேல எறியக்கூடாது, அடிக்கிறவங்க எனக்கு ஒசரமா போடு இல்ல தாழ்வா போடுன்னு கேட்டு வாங்கலாம். அதனால எல்லா பந்தும் அடிபடும், அடிபட்ட பந்தெல்லாம் ஃபீல்டர் கைக்குத்தான். நெனச்சுப் பாருங்க, அப்படி ஒரு ஆட்டத்துல வெறுங்கையோட, சரளக்கல்லும் மேடும் பள்ளமுமா கெடக்குற தரைல, பந்து எங்க எகிறும்னு தெரியாம ஒரு நாளைக்கு எத்தன தடவ குனிஞ்சிருப்பாரு அந்த மனுசன். தங்கச்சிகிட்ட சொல்லுங்க, வீக்கம் வத்துற வரைக்கும் ஐஸ் வைக்கச் சொல்லுங்க, மடக்க முடியலைன்னா டாக்டர்ட்ட ஒரு எக்ஸ்ரே எடுத்துருங்க, வெறும் பத்தோட விட்றாதீங்க.

கோவில்பட்டி_ஹாக்கி

57 மேட்ச்ல 49 ஹோம் ரன்னா? எங்கயோ இடிக்கே அண்ணே. வெறுங்கை, கீழ வீசி போடுத பந்துன்னு அக்கா சொல்லுதாங்க, எதிர்த்து ஆடினவங்க எல்லாரும் நல்ல டீம்தானா?

பாஸ்டன்_நெல்லைக்காரன்

நியாயமான கேள்வி தம்பி. பாதி மேட்ச் சாதாரண ஊர் டீமோடதான். நெறைய மைதானத்துல வேலியும் கெடையாது, ஆளத் தாண்டி போன பந்து உருண்டுக்கிட்டே போவும், இவரு ஓடிக்கிட்டே இருப்பாரு. இன்னைக்கு ஹோம் ரன்னோட அத சேத்து வைக்கக்கூடாதுதான். ஆனா அதே மைதானம், அதே எதிரணிதான அவரு டீம்ல மத்த ஒம்பது பேருக்கும், அவங்க யாரும் இவரு பக்கத்துல வரல. அதத்தான் நான் கணக்குல எடுத்துக்கிடுதேன்.

விட்ட எடத்துல இருந்து சொல்லுதேன். 1870 முடிஞ்சதும் சின்சினாட்டிக்காரங்க செலவு கட்டுபடியாவலைன்னு டீம கலைச்சுட்டாங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பாஸ்டன் வந்தாங்க, ரெட் ஸ்டாக்கிங்ஸ்ங்குற பேரையும் கூடவே கொண்டாந்துட்டாங்க. 1871ல மொத தொழில்முறை லீக் தொடங்கிச்சு, அந்த வருஷமே ஜார்ஜுக்கு கால்ல பலத்த அடி, பாதி ஆட்டம் போச்சு, டீமுக்கு கோப்பையும் போச்சு. அடுத்து 1872, 73, 74, 75, நாலு வருஷமும் பாஸ்டன்தான். 1875ல 71 ஜெயம், 8 தோல்வி. 1876ல இன்னைக்கு வரைக்கும் நடக்குற நேஷனல் லீக் தொடங்கினப்ப மொத மேட்ச் ஏப்ரல் 22, ஃபிலடெல்ஃபியாவுல, அதுல மொத பேட்டர் யாருன்னா ஜார்ஜ் ரைட்தான். 1877, 78ல திரும்ப கோப்பை. அந்த பாஸ்டன் கிளப்தான் ஊர் மாறி மாறி இன்னைக்கு அட்லாண்டா பிரேவ்ஸா ஆடிட்டு இருக்கு.

ஆனா பிட்சருங்க பந்த வளைக்க கத்துக்கிட்டதும் இவரு பேட்டிங் எறங்கிருச்சு. 1878ல ரொம்ப சுமார். எழுதி வைக்கிறவங்க நெறைய பேரு அத சொல்லாம தாண்டிருவாங்க, நான் சொல்லணும்னு நெனைக்கேன், ஏன்னா பேட்டிங் போன பொறவும் அவர எடுக்க டீமுங்க காத்து கெடந்துச்சு, அந்த ஃபீல்டிங்குக்காக. 1879ல பிராவிடன்ஸ்னு பக்கத்து ஊரு டீமுக்கு போனாரு, ஆட்டக்காரராவும் மேனேஜராவும். அந்த வருஷ கோப்பைக்கு கடைசி வரைக்கும் மோதினது யாரு கூட தெரியுமா, அண்ணன் ஹாரியோட பாஸ்டன் கூட. தம்பி ஜெயிச்சாரு. மேனேஜரா இருந்தது அந்த ஒரே வருஷந்தான்.

பொறவு ஒரு சங்கடம். அந்த வருஷக் கடைசில ஓனருங்க கூடி ஒரு விதி போட்டாங்க, ஒவ்வொரு டீமும் அஞ்சு பேர பிடிச்சு வச்சுக்கிடலாம், அவங்க வேற டீமுக்கு போக முடியாது. பிராவிடன்ஸ் இவர பிடிச்சு வச்சுது. கோப்பைய வாங்கிக் குடுத்த மனுசன், 33 வயசுல, ஆடணும்னா அங்கதான் ஆடணும்னு நின்னது. இவரு ஒத்துக்கல, பாஸ்டன்லயே கடைய பாத்துக்கிட்டு இருந்துட்டாரு. ரெண்டு வருஷத்துல கைவிரல் எண்ணுத அளவுதான் ஆட்டம். 1882ல அண்ணன் பிராவிடன்ஸுக்கு மேனேஜரா போனப்ப அவரு கூட போயி ஒரு சீசன் ஆடிட்டு நிப்பாட்டிட்டாரு. இந்த விதி பேஸ்பால்ல நூறு வருஷத்துக்கு கிட்ட ஆட்டக்காரங்க கழுத்துல கெடந்துச்சு, அதுல மொதல்ல மாட்டினவங்கள்ல இவரும் ஒருத்தரு. எனக்கு இத நெனச்சாலே வயிறு எரியும்.

கடைன்னு சொன்னேன்ல, அதுதான் ரைட் அண்ட் டிட்சன், வெளையாட்டு சாமான் கம்பெனி. பேஸ்பால் சாமான், டென்னிஸ் பந்து, ராக்கெட் எல்லாம் செஞ்சாங்க. 1890ல பாஸ்டன் ஃபிராங்க்ளின் பார்க்ல அனுமதி வாங்கி கோல்ஃப் ஆடிக் காட்டினாரு, இந்தப் பக்கத்துல அத ஜனங்க பாத்ததே அப்பந்தான், அதான் கோல்ஃப் மைதானத்துக்கு அவரு பேரு. மகன் பீல்ஸ் ரைட் டென்னிஸ்ல 1904 ஒலிம்பிக் தங்கம், 1905ல அமெரிக்க சாம்பியன். கிரிக்கெட்டும் விடல, இங்க லாங்வுட் கிரிக்கெட் கிளப்புல வயசான பொறவும் ஆடிட்டு இருந்தாரு. 1937 ஆகஸ்ட் 21 போய்ச் சேந்தாரு, 90 வயசு. பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல அவரு பேர அறிவிச்சது அதே வருஷம் டிசம்பர்ல. நாலு மாசம் முன்னால சொல்லியிருந்தா காதுல வாங்கிட்டாவது போயிருப்பாரு.

தூத்துக்குடி_உப்புக்காத்து

இதுல நம்ம பக்கத்து சேதி ஒண்ணு இருக்கு, யாரும் சொல்லல. 1888 கடைசில ஸ்பால்டிங்னு ஒரு பழைய பிட்சர், இந்த ஜார்ஜ் ரைட் கூட பாஸ்டன்ல ஆடினவரு, ரெண்டு டீம கப்பல்ல ஏத்திக்கிட்டு உலகம் சுத்தக் கெளம்பினாரு, பேஸ்பால எல்லா நாட்டுக்கும் காட்டணும்னு. ஜார்ஜ் ரைட்டையும் கூட கூட்டிட்டுப் போனாரு, அம்பயரா நிக்கவும், போற எடத்துல கிரிக்கெட் ஆடச் சொன்னா பசங்களுக்கு சொல்லிக்குடுக்கவும். ஆஸ்திரேலியா முடிச்சு எகிப்து போற வழில 1889 ஜனவரி கடைசில கொழும்புல எறங்கி அங்க ஒரு ஆட்டம் போட்டாங்க.

கொழும்பு நமக்கு என்ன தூரம் அண்ணாச்சி. அப்பல்லாம் மெட்ராஸ்ல இருந்து ரயில் தூத்துக்குடில வந்து நிக்கும், அங்கருந்து ராத்திரி கப்பல் ஏறினா காலைல கொழும்பு. எங்க தாத்தாவோட அப்பா அந்தக் கப்பல்ல கருவாடு ஏத்தி விட்டவரு. அவரு ஏத்தி விட்ட சரக்கு எறங்குன கரையிலதான் ஜார்ஜ் ரைட் கால் வச்சிருக்காரு. அதுக்கு முன்னால 1874லயும் பாஸ்டன் டீமும் ஃபிலடெல்ஃபியா டீமும் இங்கிலாந்து போயி லார்ட்ஸ் மைதானத்துல எல்லாம் பேஸ்பால் ஆடிக் காட்டிட்டு, கிரிக்கெட்லயும் 18 பேரா எறங்கி இங்கிலீஷ்காரங்க 11 பேரு கூட ஆடி தோக்காம வந்தாங்க, அதுலயும் இவரு உண்டு.

டவுன்_பாத்திரக்கடை

என்ன சொல்லுததுன்னே தெரியல. நேத்து கடைய எட்டு மணிக்கே அடைச்சுட்டு வீட்டுக்கு போயி எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். ஆயிரத்து நானூறு, ஆயிரத்து நூறு வந்த எடத்துல "திரும்ப படிங்கப்பா"ன்னா. கொழும்பு கதைய எங்கம்மாவும் வந்து ஒக்காந்து கேட்டாவ. எக்ஸ்ரே எடுத்துட்டோம் தங்கச்சி, எலும்பு ஒண்ணும் ஆவல, பத்து நாள் கட்டு. சார்வாள், மேட்ச் கத சொல்லுதேன்னீங்களே, அதையும் கேட்டு வாங்கிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கா.

ஓய்வு_சார்வாள்_பாளை

சொல்லுதேன் தம்பி. 1870 ஜூன் 14, புரூக்ளின். ரெட் ஸ்டாக்கிங்ஸ் ஒண்ணரை வருஷமா தோக்காம வந்து அட்லாண்டிக்ஸ்னு உள்ளூர் டீமோட ஆடுதாங்க. டிக்கெட் அரை டாலர், கூட்டம் கொள்ளல. ஒம்பது இன்னிங்ஸ் முடிஞ்சுது, 5-5. அட்லாண்டிக்ஸ் சமம்னு ஒத்துக்கிட்டு போகத் தயாரு, ஜனங்க மைதானத்துக்குள்ள எறங்கிட்டாங்க. ஹாரி ரைட் ஒத்துக்கல. விதிப்படி ஆட்டம் தொடரணும்னுட்டாரு.

பத்தாவது இன்னிங்ஸ். அட்லாண்டிக்ஸ் ரன்னருங்க ஒண்ணாம் பேஸ்ல ஒருத்தன், ரெண்டாம் பேஸ்ல ஒருத்தன். அடிச்சவன் பந்த நேரா மேல தூக்கிட்டான், ஜார்ஜ் ரைட் தலைக்கு மேல வருது. சின்னப்பிள்ள பிடிக்குற கேட்ச். பிடிப்பாருன்னு ரன்னருங்க ரெண்டு பேரும் பேஸ விட்டு நகராம நிக்காங்க. இவரு கைய கிண்ணம் மாதிரி வச்சு, கடைசி நொடில பந்த தரைல விழ விட்டுட்டாரு. கேட்ச் இல்லைன்னா அடிச்சவன் ஒண்ணாம் பேஸுக்கு ஓடி வருவான், அவனுக்கு எடம் விட ரன்னருங்களும் அடுத்த பேஸுக்கு ஓடியாவணும்லா. அந்தால பொறுக்கி மூணாம் பேஸுக்கு எறிஞ்சாரு, அங்கருந்து ரெண்டாம் பேஸுக்கு, ஒரே பந்துல ரெண்டு பேரு அவுட். கேட்ச் பிடிச்சிருந்தா ஒருத்தன்தான். இந்த தந்திரத்த மத்தவங்களும் பழகிட்டதால 1890கள்ல இதுக்குன்னே ஒரு விதி போட வேண்டி வந்துச்சு, உள்வட்டத்துல அப்படி ஒசரமா போனா பிடிக்குறதுக்கு முன்னாலயே பேட்டர் அவுட்னு அம்பயர் சொல்லிருவாரு. உங்க மக டீச்சர்கிட்ட இன்ஃபீல்டு ஃப்ளைன்னு கேக்கச் சொல்லுங்க, சொல்லுவாங்க.

பதினோராவதுல ரெட் ஸ்டாக்கிங்ஸ் ரெண்டு ரன் எடுத்து 7-5. அவ்வளவுதான் முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனச்சாங்க. அட்லாண்டிக்ஸ் ஒரு ரன் எடுத்து, ஒரு ஆள் மூணாம் பேஸ்ல. கேப்டன் பாப் ஃபெர்குசன் பேட் பிடிக்க வாராரு. வலது கைக்காரரு. வந்தவரு நின்னு ஷார்ட் ஸ்டாப் பக்கம் ஒரு தடவ பாத்தாருன்னு வச்சுக்கோங்க, மாறி அந்தப் பக்கம் போயி இடது கைல பேட் பிடிச்சு நின்னாரு. எதுக்குன்னா, வலது கைல அடிச்சா பந்து ஜார்ஜ் ரைட்கிட்ட போயிரும். அவருகிட்ட போனா கத முடிஞ்சுது. அதனால பழக்கமில்லாத கைல அடிச்சாலும் பரவால்ல, அந்த மனுசன் பக்கம் மட்டும் பந்து போவக்கூடாது. அடிச்சாரு, வலது பக்கம் போச்சு, 7-7. பொறவு ஒண்ணாம் பேஸ்ல ஒரு தவறு, ஃபெர்குசனே ஓடி வந்து ஜெயிச்சுட்டாரு, 8-7. ரெட் ஸ்டாக்கிங்ஸோட மொத தோல்வி.

31 வருஷத்துல இந்தக் கதைய ஷார்ட் ஸ்டாப் பிள்ளைய ஒவ்வொண்ணுகிட்டயும் சொல்லியிருக்கேன். தோத்த மேட்ச்தான், ஆனா நான் சொல்லுதது இதத்தான்.

டவுன்_பாத்திரக்கடை

சார்வாள், படிச்சுக் காட்டி முடிச்சதும் ரொம்ப நேரம் பேசல. பொறவு சாக்பீஸ எடுத்துக்கிட்டு மாடிக்கு போயி, சுவத்துல இருந்த கட்டத்த அப்படியே விட்டுட்டு தரைல நாலு பேஸ் வரைஞ்சிருக்கா, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல கொஞ்சம் பின்னால தள்ளி ஒரு புள்ளி. அதுல போய் நின்னுக்கிட்டு எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டா, எனக்கு பதில் தெரியல, உங்ககிட்ட கேக்கச் சொன்னா. "ஃபெர்குசன் மாதிரி ஒருத்தங்க திடீர்னு இடது கைக்கு மாறினா நான் அதே எடத்துலதான் நிக்கணுமா, இல்ல நகரணுமா?"

ஓய்வு_சார்வாள்_பாளை

நகரணும்னு சொல்லுங்க. ரெண்டாம் பேஸ் பக்கம் மூணு நாலு எட்டு. ஆனா பேட்டர் நின்ன ஒடனே நகரக்கூடாது, பிட்சர் கைய தூக்குற நேரத்துல நகரணும். கட்டு அவுத்ததும் பாளைல வ.உ.சி. மைதானத்துக்கு காலைல ஆறு மணிக்கு கூட்டிட்டு வாங்க, நான் அங்கதான் நடக்கேன். பழைய டென்னிஸ் பந்து ஒண்ணு கொண்டாரச் சொல்லுங்க, மொத வாரம் வெறுங்கைதான்.